ஆக்சிமீட்டர் 94 காட்டினால் எவ்வளவு நம்பலாம்?

கொரோனா இரண்டாவது அலை அடித்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் 94 என்ற எண் தெரியாத வீடு தமிழ்நாட்டில் குறைவாகத்தான் இருந்திருக்கும். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டு, 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, மேலே இருந்தால் வீட்டிலேயே இரு, இதுதான் எல்லோருக்கும் சொல்லப்பட்ட கணக்கு. கடைகளில் ஸ்டாக் தீர்ந்தது, விலை பல மடங்கு ஏறியது, பேனாவைச் செருகினாலும் ரீடிங் காட்டும் மெஷின்களின் வீடியோக்கள் வாட்ஸப்பில் சுற்றின. போலிகளைப் பற்றி அப்போதே நிறையப் பேசிவிட்டோம். நான் எழுத வந்தது போலி இல்லாத மெஷினைப் பற்றி. பெட்டியில் சர்வதேசத் தர எண் அச்சிட்டு, முறையாகச் சோதித்து, சட்டப்படி விற்கப்படும் ஆக்சிமீட்டர் ஓர் எண்ணைக் காட்டும்போது அந்த எண்ணுக்குப் பின்னால் யாரை வைத்து என்ன சோதனை நடந்திருக்கிறது, அந்தச் சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆப்பிரிக்கக் கிராமத்து மருத்துவமனைக்கோ எந்த அளவு பொருந்தும் என்பதுதான் விஷயம்.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், மற்ற சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. 1974-இல் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் தாகுவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்த தத்துவம் இது. (2020 ஏப்ரலில், உலகம் முழுவதும் இந்தக் கருவியைத் தேடி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் காலமானார்.) விரலின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள் போகின்றன. ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஆக்சிஜன் இல்லாதது சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஒவ்வொரு நாடித்துடிப்பின்போதும் விரலுக்குள் புதிதாக வந்து சேரும் ரத்தத்தால் இரண்டு ஒளியும் எவ்வளவு குறைகின்றன என்று மறுபக்கத்தில் இருக்கும் சென்சார் அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுகிறது.

அந்த விகிதத்தை 94, 88 என்று ஆக்சிஜன் சதவீதமாக மாற்றுவதற்குச் சுத்தமான இயற்பியல் சூத்திரம் போதாது. தோல், சதை, எலும்பு எல்லாம் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் கூட்டி வந்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, ரத்தத்தில் ஆக்சிஜனைப் படிப்படியாக 70 சதவீதம் வரை இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகக் கருவியில் அளந்து, மெஷின் கண்ட விகிதத்தோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுவார்கள். அந்த அட்டவணைதான் மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் விரலை மாட்டும்போது, அந்தத் தன்னார்வலர்களின் உடம்போடு நம் உடம்பைப் பொருத்திப் பார்த்துத்தான் அது பதில் சொல்கிறது. 70-க்குக் கீழே யாரையும் இறக்கிச் சோதிப்பதில்லை என்பதால், அதற்குக் கீழ் காட்டும் எண்கள் எல்லாம் நீட்டிப் போட்ட ஊகம்.

இனி தர நிர்ணயம். பல்ஸ் ஆக்சிமீட்டருக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 80601-2-61. அது கேட்கும் துல்லியம்: 70 முதல் 100 சதவீதம் வரையிலான வீச்சில் சராசரிப் பிழை 4 புள்ளிக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-இல் கொடுத்த வழிகாட்டுதலில் விரலில் மாட்டும் வகைக்கு இது 3 புள்ளி. 4 என்றால் எந்த ரீடிங்கும் 4-க்கு மேல் தவறாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிழைகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் போட்ட எண் அது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரீடிங்குகள் உண்மையான அளவிலிருந்து 4 புள்ளிக்குள் விழும், மீதி ஒரு பங்கு அதையும் தாண்டிப் போகலாம். ஆக, தரத்தின் விளிம்பில் பாஸான ஒரு மெஷின் 94 காட்டினால் உண்மை 90 முதல் 98 வரை எங்கேயும் இருக்கலாம், அதற்கு வெளியேயும் இருக்கலாம். நல்ல மெஷின்கள் பலவற்றில் பிழை 2 புள்ளியை ஒட்டியே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டின் பெட்டியிலும் ஒரே தர எண்தான் அச்சாகி இருக்கும், வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம், இந்தச் சராசரி மொத்த வீச்சுக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. 95-க்கு மேலே அழகாகவும் 85-க்குக் கீழே மோசமாகவும் அளக்கும் மெஷினும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தேறிவிடலாம். முடிவெடுக்க வேண்டிய இடம் எது? குழந்தைகளுக்கு 90-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கொடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த 90-ஐச் சுற்றி, 85-க்கும் 92-க்கும் இடைப்பட்ட பட்டையில்தான் மெஷின் கறாராக இருக்க வேண்டும், அதைத் தனியாக நிரூபித்துக் காட்டு என்று யாரும் பெரிதாக வற்புறுத்தியதில்லை.

அடுத்து, யாரை வைத்துச் சோதித்தார்கள்? எஃப்டிஏ 2013-இல் கேட்டது குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள். அந்தப் பத்துப் பேரில் குறைந்தது 2 பேருக்காவது கருமையான தோல் இருக்க வேண்டும், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. கருமை என்றால் எவ்வளவு கருமை என்பதற்குத் தெளிவான அளவுகோல் இல்லை. அந்த இரண்டு பேரிடம் மெஷின் தவறினாலும், மற்ற எட்டுப் பேரோடு சேர்த்துச் சராசரி போடும்போது அது கரைந்துவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும் பொருள் என்பது அவோயாகி காலத்திலிருந்தே தெரியும். கருந்தோல் நோயாளிகளிடம் ரீடிங் அதிகமாகக் காட்டுகிறது என்று 1990-லேயே கட்டுரை வந்தது. இத்தனைக்கும் பிறகு விஷயம் பொதுவெளிக்கு வர 2020 டிசம்பர் ஆனது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அமெரிக்காவிலேயே, நல்ல மருத்துவமனைகளிலேயே, நல்ல மெஷின்களோடு நடந்தது இது.

நம் ஊரில் மாநிறத்திலிருந்து அட்டக்கறுப்பு வரை எல்லாத் தோலும் இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால் இதை அமெரிக்க இனப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆனால் மெஷின் 95 காட்டுகிறது என்றால் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். ஒரே விரலில், கையைச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்துவிட்டு, எண் நிலைக்கும் வரை பொறுத்திருந்து எடுத்த ரீடிங்குகள் நேற்று 98, இன்று 94 என்று இறங்கினால் அந்த இறக்கம்தான் செய்தி. தனியாக ஓர் எண் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வருகிறது. ஏழை நாடுகளுக்கு, சின்ன மருத்துவமனைகளுக்கு என்று வரும்போது, தரத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன, எதுவுமே இல்லாததற்கு ஏதோ ஒன்று இருக்கிறதே என்ற பேச்சு அடிக்கடி எழும். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. பெரிய மருத்துவமனையில் ஆக்சிமீட்டர் தவறினால் பிடிக்க ஆள் இருக்கிறது. சந்தேகம் வந்தால் தமனி ரத்தம் எடுத்து ஏபிஜி (ரத்தத்தில் உள்ள வாயுக்களின் அளவு) பார்ப்பார்கள், மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே நிபுணர் இருப்பார். மலைக்கிராமத்து சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் கையில் இருக்கும் ஆக்சிமீட்டருக்கு மேல்முறையீடே கிடையாது. அது சொன்னதுதான் தீர்ப்பு. அதை வைத்துத்தான் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுவதா வேண்டாமா, இருக்கும் ஒரே சிலிண்டரை எந்தக் குழந்தைக்கு வைப்பது என்று முடிவெடுக்கிறார். சரிபார்க்க வேறு வழியில்லாத இடத்துக்குப் போகும் கருவிதான் அதிகத் துல்லியத்தோடு போக வேண்டும்.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பப்புவா நியூ கினி நல்ல உதாரணம். அங்கே ஐந்து மருத்துவமனைகளில் ஆக்சிமீட்டரையும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரையும் சேர்த்துக் கொடுத்து, பயிற்சியும் பராமரிப்பும் ஏற்பாடு செய்தார்கள். நிமோனியாவோடு சேர்ந்த குழந்தைகளில் இறப்பு விகிதம் 4.97 சதவீதத்திலிருந்து 3.22-க்கு இறங்கியது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2008-இல் இது லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அளவி, ஆக்சிஜன், பயிற்சி மூன்றும் ஒன்றாகப் போனதால் கிடைத்த பலன் இது.

அறுவை சிகிச்சைப் பக்கமும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் ஆக்சிமீட்டர் மாட்டி ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. 2010-இல் வந்த ஒரு கணக்கு, உலகத்தில் 77,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன் தியேட்டர்களில் ஆக்சிமீட்டரே இல்லை என்றது. அதிலிருந்து 2011-இல் பிறந்த அமைப்புதான் லைஃப்பாக்ஸ். அவர்கள் ஏதோ ஒரு மலிவு மெஷினை வாங்கி அனுப்பவில்லை. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட வேண்டும், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்க வேண்டும், பெரியவர் குழந்தை இருவருக்கும் பிரோப் (வயரோடு விரலில் மாட்டும் சென்சார்) வேண்டும், ஆக்சிஜன் குறையக் குறைய பீப் ஒலியின் சுருதி இறங்க வேண்டும் என்று மயக்க மருந்து நிபுணர்களின் உலகக் கூட்டமைப்பு வகுத்த விவரக்குறிப்பை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சுருதி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. கை இரண்டும் வேலையில் இருக்கும் மருத்துவருக்குத் திரையைப் பார்க்க நேரமிருக்காது, காதில் கேட்டே நோயாளி சரிகிறார் என்று தெரிந்துகொள்வார். அந்தக் குறிப்பை எழுதியவர்கள் தியேட்டருக்குள் நின்றவர்கள் என்பது அதைப் படித்தாலே தெரியும்.

மலிவு மெஷின் என்றாலே மோசம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹைபாக்ஸியா (ஆக்சிஜன் குறைபாடு) ஆய்வகம், எஃப்டிஏ அனுமதி பெறாத ஆறு மலிவு ஆக்சிமீட்டர்களை வாங்கிச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. நான்கு ஐஎஸ்ஓ தரத்தில் தோற்றன, இரண்டு தேறின. ஆனால் தேறிய இரண்டு உட்பட ஆறில் ஒன்றுகூட மேலே சொன்ன மயக்க மருந்து நிபுணர்களின் விவரக்குறிப்பை எட்டவில்லை. மலிவாகவும் துல்லியமாகவும் செய்ய முடியும், ஆனால் துல்லியம் மட்டும் இருந்தால் அது ஆஸ்பத்திரிக்கு ஏற்ற கருவி ஆகிவிடாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

குழந்தைகள் விஷயம் இன்னும் சங்கடமானது. பச்சிளம் குழந்தையை ஆக்சிஜன் குறைந்த காற்றில் வைத்துச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. அதனால் பெரியவர்களிடம் எடுத்த அட்டவணையையே குழந்தைகளுக்கும் நீட்டுகிறார்கள். அதோடு, பெரியவர் விரலுக்கான கிளிப்பைக் குழந்தையின் கால் விரலில் மாட்டினால் ஒளி ஓரமாகக் கசிந்து ரீடிங் கெடும். நிமோனியாவில் சாகும் குழந்தைகளுக்காகத்தான் இந்தக் கருவியைக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றால், குழந்தைக்கான பிரோப் பெட்டியிலேயே இருக்க வேண்டும், தனியாக ஆர்டர் போட்டு வரும் உதிரிப் பொருளாக இருக்கக் கூடாது. நீலகிரி போன்ற இடங்களில் இன்னொன்றும் சேர்கிறது. அங்குள்ள பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது 1952-லேயே பதிவானது. அந்த நோய் உள்ளவர்களிடம் ஆக்சிமீட்டர் ரீடிங் அவ்வளவு நம்பகமில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்துப் போட்ட அட்டவணையில் அவர்கள் இல்லவே இல்லை.

அப்புறம் வெயில். வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601-1-11 தரம் கேட்பது 5 முதல் 40 டிகிரி வெப்பம், 15 முதல் 90 சதவீத ஈரப்பதம் வரை கருவி வேலை செய்ய வேண்டும் என்று. வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதம் நிழலிலேயே 40 தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டிலும், வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் பெட்டியிலும் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் பிபி மெஷினையும் சுகர் மெஷினையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். அருமையான திட்டம், அதனாலேயே அந்தப் பையில் இருக்கும் கருவிகளின் தரத்தைப் பற்றி அக்கறைப்பட வேண்டியிருக்கிறது. சுகர் ஸ்ட்ரிப் டப்பாக்களில் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றுதான் போட்டிருக்கும். குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197, 100 மில்லிகிராமுக்குக் கீழே 15 மில்லிகிராம், அதற்கு மேலே 15 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது, 95 சதவீத ரீடிங்குகள் அதற்குள் இருந்தால் போதும். ரத்தசோகை இருந்தால் சுகர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. வெயில், அனுமதிக்கப்பட்ட பிழை, ரத்தசோகை இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிபி மெஷினுக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. ஐஎஸ்ஓ 81060-2 தரப்படி 85 பேரிடம் சோதிக்க வேண்டும், சராசரி வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள், சிதறல் 8 மில்லிமீட்டருக்குள். கர்ப்பிணிகளைத் தனிப் பிரிவாகச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண ஆளிடம் சரியாக அளக்கும் மெஷின் கர்ப்பகால ரத்த அழுத்த நோயில் குறைத்துக் காட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே வசதி குறைந்த இடங்களுக்கான பிபி கருவி எப்படி இருக்க வேண்டும் என்று தனியாக எழுதியது. அந்த வழியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழுவும் மைக்ரோலைஃப் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் கிரேடில் என்ற பிபி கருவி. பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்பதற்காகக் கையாலேயே காற்றடிக்கும் அமைப்பு, செல்போன் சார்ஜரில் சார்ஜ் ஏறும் வசதி, எண் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள், கூடவே கர்ப்பிணிகளிடம் தனியாகச் செய்த துல்லியச் சோதனை. ஆப்பிரிக்க நாடுகள், இந்தியா, ஹைட்டி என்று பத்து இடங்களில் பெரிய ஆய்வு நடந்து 2019-இல் முடிவு வந்தது. தாய்மார்களின் இறப்பும் கடும் பாதிப்பும் ஆய்வுக் காலத்தில் குறைந்தன, ஆனால் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் இருந்த ஏற்ற இறக்கத்தால் அது கருவியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்த பிறகு கொடுக்க மருந்தும் கொண்டுபோக வண்டியும் இருக்க வேண்டுமே.

கருவி உயிரோடு இருப்பதும் ஒரு தரம்தான். வசதி குறைந்த நாடுகளில் இருக்கும் மருத்துவக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் ஓடாமல் கிடக்கின்றன என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. ஆக்சிமீட்டரில் பெரும்பாலும் முதலில் போவது பிரோப், வயர் மடிந்து மடிந்து அறுந்துவிடும். மெயின் யூனிட் நன்றாக இருக்கும், அதற்கென்று உள்ள பிரோப் கிடைக்காது, வேறு கம்பெனி பிரோப்பை மாட்டினால் ஒளியின் அலைநீளம் கொஞ்சம் மாறி, உள்ளே இருக்கும் அட்டவணையோடு பொருந்தாமல் தப்பான எண் வரும். அது தப்பு என்று எந்த எச்சரிக்கையும் வராது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவக் கருவி விதிகள் 2017-இல் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்துக்குள் வந்தாலும், பெரும்பாலானவற்றுக்குப் பதிவு கட்டாயமானது 2021 அக்டோபரில், லைசென்ஸ் கட்டாயமானது ஆபத்து குறைந்த வகைகளுக்கு 2022 அக்டோபரிலும் கூடிய வகைகளுக்கு 2023 அக்டோபரிலும். அதாவது இரண்டாவது அலையில் நாம் அள்ளி வாங்கியபோது அந்தக் கதவு இன்னும் மூடப்படவில்லை. 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர், பிபி மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர் ஐந்துக்கும் வியாபார லாபத்தை 70 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டார்கள். விலைக்குக் கடிவாளம் போட முடிந்தது நல்லதுதான், துல்லியத்துக்கு அதே வேகம் வரவில்லை. விதி 7 சொல்வது இது: இந்தியத் தரம் இருந்தால் அது, இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ, ஐஇசி போன்ற சர்வதேசத் தரம், அதுவும் இல்லாவிட்டால் உற்பத்தியாளரே சரிபார்த்துக்கொண்ட சொந்தத் தரம். புதிது புதிதாக வரும் ஒட்டும் சென்சார்கள், வாட்ச்கள், ஒரே விரலில் எல்லாம் அளப்பதாகச் சொல்லும் கருவிகள் இந்த மூன்றாவது படியில் போய் நிற்க வாய்ப்பு அதிகம்.

எஃப்டிஏ 2025 ஜனவரியில் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டது. 10 பேருக்குப் பதில் 150 பேர், தோல் நிறத்தைப் பத்துப் படி கொண்ட மாங்க் அளவுகோலிலும் கருவி வைத்தும் அளந்து பதிவு செய்ய வேண்டும், நிறத்துக்கு நிறம் பிழை எவ்வளவு மாறுகிறது என்று காட்ட வேண்டும். வரைவுதான், கட்டாயமில்லை. ஆனால் அரசுகள் மொத்தமாக வாங்கும் நம் ஊரில் அது கட்டாயமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, டெண்டரில் எழுதிவிடலாம். மருந்து வாங்கும்போது ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்கு விடுகிற பழக்கத்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வருடக்கணக்காக வைத்திருக்கிறது. சென்சாருக்கும் அதே கறார் வேண்டும். தர எண்ணை மட்டும் கேட்காமல் சோதனை அறிக்கையையே கேட்க வேண்டும்: எத்தனை பேர், என்ன நிறம், 85-க்கும் 92-க்கும் நடுவில் பிழை எவ்வளவு, 45 டிகிரியில் என்ன ஆகும், குழந்தை பிரோப் உள்ளே இருக்கிறதா, ஐந்து வருடத்துக்குப் பிரோப் என்ன விலைக்கு யார் தருவார்கள், மாவட்டத் தலைநகரில் கேலிபரேஷன் செய்ய ஆள் உண்டா. நன்கொடையாக வரும் மெஷினுக்கும் இதே கேள்விகள்தான்.